போலாம் ரைட்! வாசகர் கேள்விகளும் ஒரு பழைய கண்டக்டரின் பதில்களும்

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். 1989-இல் வாங்கிய விசிலை 2011-இல், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, திருப்பிக் கொடுத்தேன். பஸ் படியை மேலே நின்றும் பார்த்திருக்கிறேன், கீழே நின்றும் பார்த்திருக்கிறேன். கீழேயிருந்து பார்த்தால் அது ரொம்ப உயரம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூரப் பயணம் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதையே பேசிவிடுவோம்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். கார் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. ராத்திரி பஸ்ஸில் போகலாமா? நினைத்தாலே பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், உசிலம்பட்டி)

பதில்: போகலாம் அம்மா. ஆனால் பாதி வேலையை முந்தின நாளே முடித்து வைத்துவிட வேண்டும்.

பஸ்காரன் வாயால் இதைச் சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன். ரயிலில் இடம் கிடைத்தால் ரயிலிலேயே போங்கள். காலையில் வைகை இருக்கிறது, ராத்திரி பாண்டியன் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் இடம் உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். ரயிலில் கழிப்பறை உண்டு, பஸ்ஸில் கிடையாது. உங்கள் மகன் விஷயத்தில் அது ஒன்றே பெரிய வித்தியாசம்.

ரயில் கிடைக்கவில்லை, பஸ்தான் என்றால், ஏறும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். வழியில் ஏதோ ஒரு விலக்கில் நின்று கை காட்டி ஏறுகிற யோசனையே வேண்டாம். அங்கே பஸ் அரை நிமிஷம் நிற்கும். அந்த அரை நிமிஷத்தில் அவரைத் தூக்கவும் முடியாது, வீல்சேரை மடக்கவும் முடியாது. பஸ் புறப்படுகிற மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடுங்கள். உசிலம்பட்டி பஸ் உங்களை ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். அது வைகைக்குத் தென்கரை, மாட்டுத்தாவணி வடகரை. நடுவில் ஆட்டோ பிடித்தாக வேண்டும். அந்த ஏற்ற இறக்கமும் சேர்ந்தால் ஒரே நாளில் அவரை நாலு தடவை தூக்கி இறக்க நேரும். ஊரிலிருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் மட்டும் தெரிந்தவர் வண்டி கிடைத்தால், அந்தக் காசு வீண் போகாது.

புறப்படும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போங்கள். டைம் கீப்பர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். அப்புறம் பஸ் வந்து நின்றதும் கூட்டம் ஏறுவதற்கு முன்னால் கண்டக்டரிடம் நாலே நாலு விஷயம் சொல்லுங்கள்: "பையனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. தூக்கித்தான் ஏற்ற வேண்டும். வீல்சேர் டிக்கியில் இருக்கும். நடுவில் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் நிறுத்த வேண்டும்." இதை முன்கூட்டியே கேட்ட கண்டக்டர் டிரைவரிடம் சொல்லி, எங்கே நிறுத்தலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். இதையே ராத்திரி ஒரு மணிக்கு ஓடுகிற பஸ்ஸில் எழுந்து வந்து சொன்னால், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனுஷனுக்கு எரிச்சல்தான் முதலில் வரும். நான் எரிந்து விழுந்திருக்கிறேன், அதனால் தெரியும்.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் கால் போனதே ஒரு சீட்டால்தான்.

பின் சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலேயும் இருக்கிற சீட்டுகள் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். உணர்வு இல்லாத பிட்டத்துக்கு அது ஆகவே ஆகாது. சரி, முன்னால் உட்கார்த்தலாம் என்றால் டிரைவர் பக்கத்தில் என்ஜின் பானட். எனக்கு அப்போது பத்து வருஷத்துச் சர்க்கரை. பாதம் மரத்துப் போயிருந்தது, நான் சட்டை செய்யவில்லை. டிக்கெட் போட்டு முடித்ததும் பானட்டை ஒட்டி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலை அதன் ஓரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு ட்ரிப் ஷீட் (பயணக் கணக்குத் தாள்) எழுதுவது என் பழக்கம். ஒரு நாள் ராத்திரி திருச்சி தாண்டியதும் டிரைவர்தான் கேட்டார், "என்னண்ணே, ஏதோ கருகுற வாசனை வருதே?" என்று. வயர் ஏதாவது பற்றிக்கொண்டதோ என்று ரெண்டு பேரும் தேடினோம். விடியற்காலை இறங்கும்போதுதான் பார்த்தேன், குதிகாலில் முட்டை அளவுக்குக் கொப்புளம். வலி துளிகூட இல்லை. வலி இல்லையே என்று மூன்று நாள் டியூட்டி பார்த்தேன். புண்ணாகி, எலும்புக்குப் போய், ஐந்து மாதத்தில் காலை எடுத்தார்கள்.

உங்கள் மகனுக்கும் சுடுவது தெரியாது அம்மா. அதனால் பானட்டுக்குப் பக்கமும் வேண்டாம், என்ஜின் பின்னால் இருக்கிற வண்டியாக இருந்தால் கடைசி வரிசையும் வேண்டாம். இடது பக்கம், வாசலிலிருந்து மூன்றாவது நாலாவது வரிசை கேளுங்கள். அப்படியும் உட்கார வைத்த பிறகு, அவர் பாதம் படுகிற தரையில் உங்கள் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். உங்கள் கைக்குச் சூடு தெரிந்தால் அது அவர் காலுக்கு ஆகாது. தெரியாவிட்டாலும் சாக்ஸும் ஷூவும் கட்டாயம். திருச்சியில் ஒரு தரம், உளுந்தூர்பேட்டையில் ஒரு தரம் மறுபடியும் கை வைத்துப் பாருங்கள். தரை ஏறும்போது இருந்த மாதிரியே கடைசி வரைக்கும் இருக்காது.

தூக்குவது. பஸ் ஸ்டாண்டில் உதவிக்கு ஆள் கிடைக்கும், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் வருகிறவர்கள் மூட்டை தூக்கிப் பழகினவர்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை பிசகும். வீல்சேர் தள்ளுகிறவனுக்குத் தோள்தான் கால். ஒருவர் பின்னால் நின்று, கக்கத்துக்கு அடியில் கையை விட்டு, பையனின் முன்கைகளை அவன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் ரெண்டு முழங்காலுக்கும் அடியில் கை கொடுக்க வேண்டும். ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணுவது உங்கள் மகனாக இருக்கட்டும். அவன் எண்ணினால்தான் எல்லோரும் அவன் சொல்படி தூக்குவார்கள். பிட்டம் படியில் உரசாமல் ஏற்றச் சொல்லுங்கள். அந்த ஒரு உரசலிலேயே தோல் கிழியும்.

வீல்சேரின் மெத்தையை டிக்கிக்கு அனுப்பாதீர்கள். அதை பஸ் சீட்டின் மேல் போட்டு அவரை அதில் உட்கார வையுங்கள். கால் வைக்கிற தட்டு கழன்று வருமென்றால் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் அதுதான் முதலில் தொலையும். டிக்கியில் வீல்சேர் கடைசியாக ஏற வேண்டும், படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். அதன் மேல் வெங்காய மூட்டை ஏறாமல் பார்ப்பது உங்களுடன் வருகிற இன்னொருவர் பொறுப்பு. இதற்காகவே இன்னொருவர் வர வேண்டும் என்பேன்.

அரை மணிக்கு ஒரு தரம் அவர் கையை ஊன்றி எழும்பியோ, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்தோ, முன்னால் குனிந்தோ பாரத்தை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு நிமிஷம். செல்போனில் அலாரம் வைத்துவிடுங்கள், சத்தம் இல்லாமல் அதிரும்படி. பின் பாக்கெட் வைத்த ஜீன்ஸ் வேண்டாம். அந்தத் தையலும் பித்தான் குமிழும் போதும் புண்ணுக்கு. லுங்கியோ தளர்ந்த பேன்ட்டோ போதும்.

அடுத்தது சிறுநீர். எல்லாரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிற விஷயம் இதுதான். டியூப் போட்டு எடுத்துவிடுகிற வழக்கம் இருந்தால், நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் எடுத்தாக வேண்டும். மதுரையிலிருந்து சென்னை 460 கிலோமீட்டர் போல, எட்டு ஒன்பது மணி நேரம். ஏறுவதற்கு முன் ஒரு தரம், பாதி வழியில் ஒரு தரம். பாதி வழி என்றால் பஸ் சாப்பாட்டுக்கு நிற்கிற இடம் என்று நினைக்காதீர்கள், அது விக்கிரவாண்டிப் பக்கம் வரைக்கும் தள்ளிப் போகலாம். அதனால்தான் அந்தப் பத்து நிமிஷத்தைக் கண்டக்டரிடம் முன்னாலேயே கேட்கச் சொன்னேன். வாய் அகன்ற பாட்டில், கை கழுவத் தண்ணீர், மறைப்புக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பையோடு டியூப் இருந்தால், பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், டியூப் தொடைக்கு அடியில் மடங்கக் கூடாது. பை முக்கால் பங்கு நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். முக்கியமாக, சிறுநீருக்குப் பயந்து தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலும் கிருமியும் அப்படித்தான் வரும்.

(மார்பிலிருந்தோ அதற்கு மேலிருந்தோ உணர்வு இல்லாத நோயாளிகள் இதைப் படித்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று மண்டையைப் பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து வேர்வை என்றால் அது பயணக் களைப்பு இல்லை. நிமிர்ந்து உட்கார வைத்து, டியூப் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, சிறுநீரை உடனே வெளியேற்ற வேண்டும். அடங்கவில்லை என்றால் 108.)

கடைசியாக, பஸ் சென்னைக்குள்ளே போகாது. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்தோடு சரி. அங்கிருந்து கே.கே. நகர் இன்னும் ஒரு மணி நேரப் பாடு. விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்கினால் அவசரப்பட்டு அடுத்த பஸ்ஸைத் தேடாதீர்கள். முதலில் ஒரு ஓரமாகப் படுக்க வைத்து, செல்போன் டார்ச்சில் பிட்டத்தையும் குதிகாலையும் பாருங்கள். சிவப்பாக இருந்தால் பரவாயில்லை, அரை மணியில் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் அந்த இடத்தில் இனி பாரம் விழக் கூடாது, மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.

கேள்வி: போலியோ பாதித்தவன் நான். கண்டக்டர் எனக்குச் சலுகை டிக்கெட் கொடுத்தார், துணைக்கு வந்த என் மனைவிக்கு முழு டிக்கெட் போட்டார். கேட்டதற்குச் சத்தம் போட்டார். எது சரி?
(திருமங்கலம் வாசகர்)

பதில்: தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளி நாலில் ஒரு பங்கு கட்டணம் கொடுத்தால் போதும், மீதி 75 சதவீதம் சலுகை. துணை வேண்டும் என்று மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் இருந்தால் துணைக்கு வருகிறவருக்கும் அதே கணக்கு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-இலிருந்து உங்களுக்கும் துணைக்கும் டிக்கெட்டே கிடையாது. ஏசி, படுக்கை மாதிரி வண்டிகளுக்கு எப்படி என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஏறின பிறகு வேண்டாம். தனியார் பஸ்ஸுக்கு இது எதுவும் பொருந்தாது.

இப்போது கண்டக்டர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன், கோபப்படாதீர்கள். செக்கிங் ஏறினால் சலுகை டிக்கெட்டுக்கு ஆள் எங்கே, அட்டை எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். கணக்கு இடித்தால் மெமோ கண்டக்டருக்கு. அந்தப் பயத்தில்தான் பலர் குரலை உயர்த்துகிறார்கள். மெஷினில் டிக்கெட் அடித்த பிறகு அட்டையை எடுத்து நீட்டினால் அடித்த டிக்கெட்டை என்ன செய்வது என்று இன்னொரு தலைவலி. ஆகவே அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "எனக்கு ஒன்று, துணைக்கு ஒன்று" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். அப்படியும் மறுத்தால் சண்டை வேண்டாம். டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதில் வண்டி, நேரம் எல்லாம் இருக்கும். கிளை மேலாளருக்கு ஒரு மனு, அதன் நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, போக்குவரத்து வசதி அதில் உரிமையாகவே எழுதியிருக்கிறது. வாய்ச் சண்டை அடுத்த ஸ்டாப்பில் மறந்துபோகும், மனுவுக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

கேள்வி: எனக்கு வலிப்பு உண்டு, மாத்திரையில் இருக்கிறேன். பெங்களூரில் காலையில் இன்டர்வியூ. முந்தின ராத்திரி ஸ்லீப்பர் பஸ்ஸில் மேல் படுக்கைதான் காலியாக இருக்கிறது. எடுத்துவிடட்டுமா?
(மேலூர் இளைஞர்)

பதில்: எடுக்காதே தம்பி. மேல் படுக்கை கண்டிப்பாக வேண்டாம். அங்கே வலிப்பு வந்தால் அந்த உயரத்திலிருந்து கீழே விழுவாய், இல்லை, யாருக்கும் தெரியாமல் திரைக்குள்ளேயே கிடப்பாய். ரெண்டுமே நல்லதில்லை. அதை விடு, ராத்திரிப் பயணமே உனக்கு ஆகாது. தூக்கம் கெட்டால் வலிப்பைக் கூப்பிட்ட மாதிரி. முந்தின நாள் பகலிலேயே புறப்படு, சாயங்காலம் போய்ச் சேர்ந்து, நன்றாகத் தூங்கி எழுந்து இன்டர்வியூவுக்குப் போ. ஒரு நாள் லாட்ஜ் வாடகையைக் கணக்குப் பார்க்காதே.

மாத்திரையை டிக்கிக்குப் போகிற பையில் வைக்காதே, சட்டைப் பையில் இருக்கட்டும். பஸ் தாமதமானால் அடுத்த வேளை தவறக் கூடாது. உள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வை. படிக்கட்டில் நின்று காற்று வாங்குகிற வேலை உனக்கு இல்லை.

பக்கத்து சீட்காரரிடம் சொல்லிவிடு. என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலர் சொல்வதில்லை. இப்படிச் சொல்: "அண்ணே, எனக்கு ஃபிட்ஸ் வரும். வந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் வைக்காதீர்கள், கையில் சாவி கொடுக்காதீர்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108." சாவியை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், என் சர்வீஸில் மூன்று பேருக்கு பஸ்ஸில் வலிப்பு வந்து பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் டிரைவர் சீட்டைத் தாண்டி ஒரு கை நீளும், "இரும்பு குடுங்க, சாவி குடுங்க" என்று. ஒரு தடவை வண்டிச் சாவியையே உருவிவிட்டார்கள். வண்டி நடுரோட்டில் நின்றது. இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது தானாக அடங்குகிற நேரத்தில் சாவி கையில் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஸ்லீப்பர் என்றதும் இன்னொன்று, இது எல்லோருக்கும். 2025 அக்டோபரில் கர்னூல் பக்கம் ராத்திரி ஒரு ஸ்லீப்பர் பஸ் எரிந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். நடக்க முடிகிறவர்களே வெளியே வர முடியவில்லை. வீல்சேர், ஊன்றுகோல், செயற்கைக் கால் வைத்திருக்கிறவர்கள் கீழ் படுக்கைதான் கேட்க வேண்டும், அதுவும் அவசர வழிக்குப் பக்கத்தில். ஏறினதும் கண்ணாடி உடைக்கிற சுத்தியல் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். காலியாக ஆணி மட்டும் இருந்தால் கண்டக்டரைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த தடவை வாங்கி மாட்டுவார்கள்.

கேள்வி: செயற்கைக் காலை ராத்திரிப் பயணத்தில் கழற்றி வைத்துக்கொள்ளலாமா?
(வாடிப்பட்டி வாசகர்)

பதில்: ஆஹா, நம்ம ஆள்! கழற்றலாம். ஆனால் வெறுமனே விட்டால் ஸ்டம்ப், அதாவது எடுத்தது போக மிச்சமிருக்கிற கால், வீங்கிக்கொள்ளும், விடியற்காலை கால் உள்ளே போகாது. கழற்றினதும் எலாஸ்டிக் உறையை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டே தூங்குவதும் சரியில்லை, வேர்த்துத் தோல் ஊறிவிடும். மோட்டலில் இறங்க நினைத்தால் பத்து நிமிஷம் முன்னாலேயே மாட்டத் தொடங்குங்கள்.

கழற்றின காலை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். நான் ஒரு தரம் சீட்டுக்கு அடியில் ஷூவோடு நிறுத்தி வைத்துவிட்டு அசந்துவிட்டேன். டிரைவர் சடன் பிரேக் போட்டார். என் கால் நடுப் பாதையில் சறுக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டது. முதல் வரிசையில் இருந்த ஒரு பாட்டி அதைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் மொத்த பஸ்ஸும் எழுந்தது. "யாருதுப்பா கால்?" என்று கண்டக்டர் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், தொலைந்த குடையைக் கேட்பதுபோல. இப்போதெல்லாம் சீட்டின் கம்பியோடு ஒரு துண்டால் கட்டிவிடுகிறேன்.

கேள்வி: நானும் கணவரும் காது கேளாதவர்கள். மோட்டலில் காபி குடித்துவிட்டு வந்தால் எங்கள் பஸ்ஸைக் காணோம். ஹாரன் அடித்தார்களாம்.
(செல்லூர் வாசகி)

பதில்: இறங்கும்போதே பஸ்ஸின் நம்பர் பிளேட்டை செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் கண்டக்டரிடம் செல்போன் கடிகாரத்தைக் காட்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்று அவர் கையாலேயே அதில் எழுதச் சொல்லுங்கள். எழுதின மனுஷனுக்கு ஞாபகம் இருக்கும். ஒருவர் காபி வாங்கப் போனால் ஒருவர் பஸ் வாசலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். தவறிப்போனால் பதறாதீர்கள். அதே இடத்தில் அடுத்தடுத்து வண்டிகள் வந்து நிற்கும். டிக்கெட்டைக் காட்டினால் எந்தக் கண்டக்டரும் முன்னால் போகிற வண்டிக்கு போன் போட வழி பார்ப்பார். ஆபத்து என்றால் 112. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

கேள்வி: நான் பார்வையற்ற ஆசிரியை. மாதம் ரெண்டு தடவை கோவைக்குத் தனியாகப் போகிறேன். ஏறுவதில் சிரமமில்லை. இறங்குவதுதான் கஷ்டம், கூடவே சில்லறை.
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: டீச்சர், பஸ் எங்களுக்கு முன்னாலேயே உங்களுக்குப் பழகியிருக்கும். ஆரப்பாளையத்தில் எந்த வண்டி எந்த பக்கம் நிற்கிறது என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். இறங்குவதில் ஒன்று மட்டும். "வந்தாச்சு, இறங்குங்க" என்றால் உடனே இறங்காதீர்கள். "கீழே தார் ரோடா, மண்ணா, சாக்கடையா?" என்று கேளுங்கள். பஸ் ஓரத்தை விட்டு விலகி நின்றிருந்தால் இடைவெளியில் பைக் புகுந்து வரும். குச்சியைக் கடைசிப் படிக்குக் கீழே நீட்டி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகு காலை வையுங்கள். உதவ வருகிறவர் உங்கள் கையைப் பிடித்து இழுப்பார், நம் ஆட்களுக்கு அன்பு அப்படித்தான். "உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நோட்டுக்கு ரிசர்வ் வங்கியின் மணி என்ற செயலி இருக்கிறது, கேமராவைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். கண்டக்டர் முன்னாலேயே ஒரு தரம் சொல்ல வையுங்கள். அதற்கப்புறம் அந்தக் கண்டக்டர் உங்களுக்குச் சில்லறையில் தவறவே மாட்டார்.

கேள்வி: தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன வாரம் ஒருவரை ஏற்றி உட்கார வைக்க எங்கள் பஸ் ஆறு நிமிஷம் நின்றது. ஐம்பது பேர் காத்திருந்தோம். இவர்களுக்குத் தனி வண்டி விடலாமே?
(திருப்பரங்குன்றம் வாசகர்)

பதில்: தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மனசில் நினைத்ததை எழுதினீர்களே. பதிலையும் கேளுங்கள். அந்த ஆறு நிமிஷத்துக்குக் காரணம் ஏறின ஆள் இல்லை, படி. தாழ்தளப் பேருந்தின் தரை 400 மில்லிமீட்டர் உயரம். நம் தூரப் பயண வண்டிகளில் 900 மில்லிமீட்டரும் அதற்கு மேலும், அதாவது மூன்றடி. மூன்றடித் திண்ணையில் படி ஒடுங்கியிருந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏற எத்தனை நிமிஷம் ஆகும்? ஊன்றுகோல் மாட்ட இடம், கைப்பிடிக் கம்பி, முன்னுரிமை சீட்டு இதெல்லாம் பஸ்ஸில் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே 2020 மார்ச் 1 முதல் இருக்கிறது. அடுத்த தடவை நிற்கிற ஆறு நிமிஷத்தில் உங்கள் வண்டியில் அவை இருக்கின்றனவா என்று சுற்றிப் பாருங்கள், பொழுதும் போகும்.

தாமதம் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. 1998 மார்கழி, கொட்டாம்பட்டி தாண்டி ஒரு ஸ்டாப். வண்டி ஏற்கெனவே லேட். ஊன்றுகோல் வைத்த ஒருவர், நாற்பது வயசு இருக்கும், ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். மற்றதைத் தூக்கவில்லை. நான் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்க்காமல் டபுள் விசில் கொடுத்துவிட்டேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது, ஆள் மண்ணில் விழுந்தார். நல்ல வேளையாக முழங்கையில் சிராய்ப்போடு போனது. ஓடி வந்து தூக்கினேன். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஊன்றுகோலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, அடியில் இருக்கிற ரப்பரைக் காணோம். அது இல்லாவிட்டால் வழுக்கும்" என்றார்.

டிரைவர் டார்ச் எடுத்து வந்தார். வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினேன். ஒவ்வொருவராகப் பயணிகள் இறங்கினார்கள், செல்போன் கிடையாத காலம், தீப்பெட்டியைக் கிழித்துக் கிழித்துத் தேடினார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன்தான் முள்செடிக்குள்ளே இருந்து அதை எடுத்தான். ட்ரிப் ஷீட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். இருபது நிமிஷம் என்று போட்டேன், காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு துவரங்குறிச்சி வரைக்கும் யோசித்தேன்.